நடுக்கோட்டில் நின்ற நாலு முட்கள்

அத்தியாயம் 7

“செத்தது யாரு?” என்று கேட்டேன்.

“எலிங்க,” என்றாள் ஆராய்ச்சி மாணவி.

“கொன்னது?”

“நாங்கதான். அனுமதி வாங்கித்தான் செஞ்சோம். பிரச்னை அது இல்ல.”

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடு என்பதை அவர் வாயைத் திறக்காமலே சொல்லிவிடுவார். எனக்குப் பயம் வந்தால் கூடவே ஜோக்கும் வந்துவிடும். அந்த ஆய்வுக்கூடம் பயப்படும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. மேசைகள், குழாய்கள், காலுக்கு மாட்டிக்கொள்ளக் கொடுத்த நீலநிற உறைகள், எல்லாம் என்னைப் பார்த்து, “நீ எதற்கு இங்கே வந்தாய்?” என்று கேட்பதுபோல் இருந்தது. நியாயமான கேள்விதான்.

நான் வந்தது பெரியம்மாவுக்கு உதவியாளனாக. சாவி செய்யும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவர் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். அதற்கு முன்பு பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். அவர் படியில் கால் வைத்ததுமே டிக்கெட் எடுக்காதவன் தானாக எழுந்து நிற்பானாம். நான் பகலில் அவரிடம் வேலை பார்க்கிறேன், மாலையில் நில அளவை வகுப்புக்குப் போகிறேன். எதையும் மூன்று முறை அளப்பது என் வழக்கம். மூன்று முறையும் மூன்று அளவு வருவதும் வழக்கம்.

மாணவி திரையில் ஒரு படத்தைத் திறந்தாள். வெளிறிய பின்னணியில், இலை உதிர்ந்த கருவேல மரம்போல் கறுப்புக் கிளைகள். எலி மூளையை மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் எடுத்தது. கிளைகள் நரம்பு அணுவினுடையவை. கிளை நெடுகச் சின்னச் சின்ன முட்கள். ஒவ்வொரு முள்ளின் தலையையும் பக்கத்து அணு ஒன்று தொட்டுச் செய்தி சொல்லும். நாம் கற்றுக்கொள்வதும் நினைவு வைத்துக்கொள்வதும் இந்தச் சந்திப்புகளை நம்பித்தான் என்றாள். தலை பெருத்த முள்ளுக்குக் காளான் என்று பெயர். கழுத்தே இல்லாதது குட்டை. நீண்டு மெலிந்தது ஒல்லி.

“எங்க குடும்பப் போட்டோ மாதிரி இருக்கு,” என்றேன். இந்த முறை மாணவி கொஞ்சம் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. மூன்று வருடமாக அவள் ஒரு மருந்தைச் சோதித்து வந்தாள். அது முட்களைப் பெருக்கும் என்பது நம்பிக்கை. மருந்து கொடுக்காத எலிகளின் படங்களை முதலில் எண்ணினார்கள். படத்துக்குச் சராசரியாக நாற்பத்து நாலு முட்கள். பிறகு மருந்து கொடுத்த எலிகளை எண்ணினார்கள். முப்பத்தாறு. பெருக வேண்டியது குறைந்துவிட்டது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. மருந்து கொடுத்த எலிகளின் படங்களைத் தானே உட்கார்ந்து முழுசாக எண்ணிப் பார்த்தாள். நாற்பது வந்தது.

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். எந்தப் படம் எந்த எலியுடையது என்று தெரிந்தவர் எண்ணக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் முதல் சட்டம். தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்குமாம். அதனால்தான் விவரம் எதுவும் சொல்லாமல் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் முப்பத்தாறு என்கிறார்கள். இவள் நாற்பது என்கிறாள். ஆய்வுக்கூடத் தலைவரின் கணக்கு எளிமையானது. இல்லாத நாலு முள்ளை இவள் படத்துக்குப் படம் தானே நட்டுவைத்திருக்கிறாள். இன்று மாலைக் கூட்டத்தில் ஆய்விலிருந்து இவள் பெயரை அடித்துவிடுவார்கள். அதன்பின் இந்தத் துறையில் யாரும் அவளை ஒரு கண்ணாடிச் சில்லைக்கூடத் தொட விடமாட்டார்கள்.

“நான் பொய் சொல்லல மேடம்,” என்றாள். “ஆனா அவங்களும் பொய் சொல்லல. அவங்களுக்குப் பொய் சொல்ற அளவுக்கு எதுவுமே தெரியாது.”

பெரியம்மா தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் மெலிந்த, கவலைப்பட்ட மனிதர். கழுத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி தொங்கியது, நெற்றியில் ஒன்று ஏறியிருந்தது. மாணவி நல்ல பெண்தான், ஆனால் நல்லவர்களுக்குத்தான் ஆசை அதிகம் என்பதே அவர் பேசியதன் சாரம். மறுபடி எண்ணலாமே என்று பெரியம்மா கேட்டார். யார் எண்ணுவது என்றார் அவர். இந்தக் கட்டடத்தில் அந்த இரண்டு பேரைத் தவிர அத்தனை பேருக்கும் எந்தப் படம் எந்த எலியுடையது என்று தெரியும். ஒன்றுமே தெரியாத ஆள் வேண்டும்.

பெரியம்மா மெதுவாக என் பக்கம் கையை நீட்டினார்.

தலைவர் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். மூளையின் பகுதிகள் எவை என்று கேட்டார். தெரியாது என்றேன். அணு என்றால் என்ன என்றார். சின்னதாக இருக்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நேர்முகத் தேர்வில் தேறினேன்.

எண்ணும் முறையை மாணவி விளக்கினாள். படம் அகலமானது. ஒருவரே எண்ணினால் கண் களைத்துவிடும். அதனால் நடுவில் பச்சை நிறத்தில் நேர்கோடு ஒன்று போட்டு, இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த இரண்டு பேர் செய்வதைப்போலவே நாங்களும் செய்தோம். எது எந்த எலி என்று சொல்லாமல் அவள் சில படங்களை எடுத்துக்கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் பெரியம்மாவுக்கு.

முதல் படத்தில் நான் முட்களைவிட அதிகமாகக் கேள்விக்குறிகளைப் போட்டேன். இது முள்ளா, அழுக்கா? இது ஒன்றா, ஒட்டிப்பிறந்த இரண்டா? ஒவ்வொன்றின் கழுத்து நீளத்தையும் தலை அகலத்தையும் திரையிலேயே அளக்கக் கருவி இருந்தது. மூன்று மூன்று முறை அளந்தேன். அளக்க அளக்கக் கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. பெரியம்மா எப்போதோ முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, “இன்னும் எவ்வளவு நேரம்டா? அதுங்க செத்தே ரொம்ப நாளாச்சு,” என்றார்.

அந்தப் படத்துக்குக் கூட்டிப் பார்த்தோம். என்னுடையது பத்தொன்பது. அவருடையது பதினேழு. முப்பத்தாறு.

உள்ளே வந்த மாணவி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே நாற்காலி இருந்தது அவள் அதிர்ஷ்டம். அவளுக்காக வந்தவர்களே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டோம்.

நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன் என்றேன். இது தன்னடக்கம் இல்லை, அனுபவம். என் தாளை மறுபடி பார்த்தேன். அழிக்காமல் விட்ட கேள்விக்குறிகள் நாலு இருந்தன. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சட்டென்று கவனித்தேன். நாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நேர்கோட்டில் நின்றன. என் சந்தேகங்கள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்று நான் பார்த்ததே இல்லை.

“பெரியம்மா, இந்த நாலும் பச்சைக்கோட்டு மேலயே நிக்குது. அடி என் பக்கம், தலை உங்க பக்கம். நீங்க எண்ணியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் எண்ணல. உன் பக்கத்துலேர்ந்துதானே முளைச்சிருக்கு, நீ எண்ணியிருப்பேன்னு நினைச்சேன்.”

பத்தொன்பது, பதினேழு, நடுவில் யாருக்கும் இல்லாத நாலு. நாற்பது. மற்றப் படங்களிலும் அதே கதை. கோடு எங்கெல்லாம் கிளைகளைக் கடந்ததோ அங்கெல்லாம் அனாதைகள், படத்துக்கு மூன்றோ நாலோ ஐந்தோ.

மாணவிக்கு உயிர் வந்துவிட்டது. தலைவரிடம் ஓடப் போனாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“இரும்மா. முப்பத்தாறுக்குக் காரணம் தெரிஞ்சுது. நாற்பத்து நாலு எப்படி வந்துதுன்னு தெரிய வேணாமா?”

அது சரியான எண்தானே, மருந்து கொடுக்காத எலிகளுடையதுதானே என்றாள் மாணவி. அதே கோடு, அதே இரண்டு பேர், அங்கே மட்டும் எப்படிக் குறையாமல் போகும் என்று பெரியம்மா கேட்டார். அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். நல்லவேளை, என்னை யாரும் கேட்கவில்லை.

எண்ணுகிறவர்கள் இருக்கும் அறைக்குப் போனோம். அந்த இரண்டு பெண்களையும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அண்ணி, நாத்தனார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். உண்மையிலேயே அதுதான் உறவு. அண்ணியின் கணவர் நாத்தனாருக்கு அண்ணன். நாங்கள் போனபோது இருவரும் ஒரே டப்பாவிலிருந்து மாற்றி மாற்றி பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அதை இருவரும் தொடவில்லை. அதைச் சுற்றி எறும்பு வந்திருந்தது.

பெரியம்மா அறையைப் பார்த்தார். அவர் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை. சின்ன அறை, ஆனால் சுவரில் இரண்டு கடிகாரங்கள். இரண்டு குப்பைத்தொட்டிகள். ஒரே ஜன்னலுக்கு நடுவில் பிரித்த இரண்டு திரைச்சீலைகள், ஒன்று பூப்போட்டது, ஒன்று கட்டம் போட்டது. நீளமான மேசையின் நடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பிசின் நாடா ஒட்டிப் பிய்த்த தடம். அது தரையிலும் இறங்கி, கதவுவரை போயிருந்தது.

“கதவையும் பிரிச்சுக்கிட்டீங்களா?” என்றார் பெரியம்மா.

அண்ணி வெட்கப்பட்டார். “அதெல்லாம் பழைய கதைங்க.”

பழைய கதை எங்களுக்கு இரண்டு வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. நாத்தனார் அண்ணியிடம் ஒரு இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுத்தபோது அதன் அடியில் யாருடைய சட்டையோ ஒட்டியிருந்தது. அது முன்பே ஒட்டியிருந்தது என்று நாத்தனார் சொன்னார். அவ்வளவுதான். பேச்சு நின்றது. அறையை நாடா ஒட்டிப் பிரித்தார்கள். இந்த இருவரும் அருகருகே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், எலி மூளையைப் பாதிப் பாதியாக எண்ணினார்கள்.

அப்புறம் எப்படிச் சமாதானம் ஆனீர்கள் என்று பெரியம்மா கேட்டார். அண்ணியின் கணவர்தான் காரணமாம். அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, நீங்கள் இரண்டு பேரும் அச்சு அசல் ஒரே மாதிரி என்று சொல்லிவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து இருவரும் அவரோடு பேசுவதில்லை. பொது எதிரி கிடைத்ததும் நாடா பிய்ந்தது.

“அது எப்போ நடந்துது?” பெரியம்மா மாணவியைப் பார்த்துக்கொண்டே இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டார்.

இருவரும் யோசித்தார்கள். பழைய பெட்டிப் படங்கள் முடிந்து, மாணவி புதுப் பெட்டிப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தாளே, அந்த வாரம்தான் என்றார் நாத்தனார். பழைய பெட்டி என்றால் மருந்து கொடுக்காத எலிகள். புதுப் பெட்டி என்றால் மருந்து கொடுத்த எலிகள். அது அவர்களுக்குத் தெரியாது. மாணவிக்குத் தெரியும்.

“கோட்டு மேல நிக்கிற முள்ளை என்ன செய்வீங்க?”

“நான் விட்டுடுவேங்க,” என்றார் அண்ணி. “சின்னவ, அவ எடுத்துக்கட்டும்னு.”

நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். “நீங்களா? நான்தானே அண்ணி உங்களுக்குன்னு விட்டுக்கிட்டிருக்கேன்.”

இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது, அது சாய வாசனையாகவும் இருக்கலாம்.

“சண்டையில இருந்தப்போ?” என்றார் பெரியம்மா.

இருவரும் சுவரில் அவரவர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

“அடி என் பக்கம் இருக்கு, அது என்னோடது,” என்று மெதுவாகச் சொன்னார் அண்ணி.

“தலை என் பக்கம் இருந்துது,” என்றார் நாத்தனார்.

பெரியம்மா நாடாத் தடத்தின்மேல் விரலை ஓட்டினார். அவர் குரலில் பழைய காக்கிச் சட்டை தெரிந்தது. “பஸ்ல புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு கதவுல ஏறுவாங்க. கோவமா இருந்தா ரெண்டு பேருமே வீம்புக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துருப்பாங்க. ஒத்துமையா இருந்தா ரெண்டு பேருமே எடுத்துருக்க மாட்டாங்க. அவர் எடுத்துருப்பார்னு இவங்க, இவங்க எடுத்துருப்பாங்கன்னு அவர். நான் அதிகமா அபராதம் போட்டது பிரியமா இருக்கிறவங்களுக்குத்தான்.”

கணக்கை நான் மனதுக்குள் போட்டேன். பிறகு விரலில் போட்டேன். பிறகு தாளில் போட்டேன். பத்தொன்பதோடு நாலு இருபத்து மூன்று. பதினேழோடு நாலு இருபத்தொன்று. நாற்பத்து நாலு. முதல் தடவையாக மூன்று முறையும் ஒரே விடை வந்தது.

தலைவரை அழைத்துவந்தோம். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் கழுத்துக் கண்ணாடியை நெற்றிக் கண்ணாடியின்மேல் ஏற்றிவிட்டு, அப்படியென்றால் பழைய படங்களையும் எண்ண வேண்டுமே என்றார்.

அப்போது பெரியம்மா மாணவியைத் தனியாக ஓர் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். நானும் கூடவே போனேன். தனியாக என்றால் என்னையும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்வது உண்டு.

“உன் மேல தப்பு இல்லன்னு இப்பவே நிரூபணம் ஆயிடுச்சு. ஆனா பழசையும் எண்ணினா என்ன வரும்னு உனக்குத் தெரியும்ல?”

“நாற்பது வரும்,” என்றாள் மாணவி. “அதுவும் நாற்பது, இதுவும் நாற்பது.”

“மருந்து?”

“ஒண்ணும் பண்ணல. நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல.” அவள் நீல உறை மாட்டிய காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “எண்ணட்டும் மேடம். குறைஞ்சிருந்தாகூட ஏன்னு தேட ஒரு வழி இருந்திருக்கும். ஆனா எண்ணாம விட்டா, அப்புறம் நான்தான் முள்ளு நட்டவ.”

தலைவர் புது விதி போட்டார். கோட்டில் நிற்கும் முள்ளின் அடி எந்தப் பக்கமோ, முள் அந்தப் பக்கத்துக்காரருக்கு. தலை எங்கே நீண்டாலும் கவலை இல்லை. அண்ணியும் நாத்தனாரும் அவரவர் திரைமுன் உட்கார்ந்தார்கள். முதல் படத்திலேயே வேலை நின்றது. கோட்டில் இருந்த நாலில் மூன்று அண்ணிக்கு வந்துவிட்டது. தனக்கு மட்டும் மூன்றா என்று அவருக்குக் கூச்சம். ஒன்றையாவது எடுத்துக்கொள் என்று நாத்தனாரிடம் கெஞ்சினார். நாத்தனார் மாட்டேன் என்றார். ஆசையாகக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாயா என்று அண்ணியின் குரல் உயர்ந்தது. நாத்தனாரின் பார்வை இழுப்பறையில் கிடந்த நாடாச் சுருள் பக்கம் போனது.

தலைவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்து நாலு திரும்பி வந்துகொண்டிருந்தது.

பெரியம்மா ஒரு நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில், நாடாத் தடத்தின்மேல் சரியாகப் போட்டார். “டேய், நீ இங்க உக்காரு. கோட்டைத் தொடுற முள்ளெல்லாம் இனிமே உன்னோடது. இவங்க ரெண்டு பேருக்கும் அதுல பங்கு இல்ல.”

அப்படித்தான் நான் எல்லையில் உட்கார்ந்தேன். என் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு பெண்கள், எதிரே சந்தேகத்துக்குரிய முட்கள் மட்டும். இந்த உலகத்தில் எனக்கென்றே செய்த வேலை ஒன்று இருந்தால் அது இதுதான். மாலைக் கூட்டம் தொடங்குவதற்குள் இரண்டு பெட்டியிலிருந்தும் போதுமான படங்களை முடித்துவிட்டோம்.

நாற்பது. நாற்பது.

தலைவர் மாணவியின் முன்னால் வந்து நின்று, கூட்டத்தில் பேச இருந்த உன் விஷயத்தை நீக்கிவிட்டேன் என்று சொன்னார். பிறகு, ஒன்றும் நடக்கவில்லை என்பதும் ஒரு முடிவுதான், அதை எழுதிக் கொடு என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்வரை வந்து, மீசையில் சிக்கிக்கொண்டது.

“மூணு வருஷம்,” என்றாள் மாணவி எங்களிடம். “எலி மூளையை அளக்கறேன்னு நினைச்சு, இவங்க குடும்பத்தை அளந்திருக்கேன்.” சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். நடுவில் கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு பெட்டியைத் திறந்தாள். இந்த முறை இரண்டு வகை எலிகளின் படங்களையும் கலந்து கொடுக்கப் போகிறேன் என்றாள். வாசலில் அண்ணியும் நாத்தனாரும் நீ முதலில் போ, நீங்கள் முதலில் போங்கள் என்று நின்றுகொண்டிருந்ததால் நாங்கள் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறினோம்.

பேருந்தில் கூட்டம். பெரியம்மா முன்கதவில் ஏறினார், நான் பின்கதவில். நெருக்கித் தள்ளி நடுவில் வந்து சேர்ந்தபோது அவருக்கு இடம் கிடைத்திருந்தது. நான் கம்பியைப் பிடித்தபடி அன்றைய வேலையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவையாக என் பங்கில் தவறு எதுவும் தெரியவில்லை. அது எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

பாலம் தாண்டியதும் பரிசோதகர் ஏறினார். பெரியம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் விரிந்தது. பெரியம்மாவிடம் தொழில் பழகியவராம். நலம் விசாரித்தார். இப்போதும் இந்தத் தடத்தில் உங்கள் பேச்சுத்தான் என்றார். பிறகு, கடமைக்குத்தான் என்று சங்கடத்தோடு கையை நீட்டினார்.

பெரியம்மா கம்பீரமாக என்னைப் பார்த்தார்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

“முப்பத்தாறு,” என்றேன்.